காசாம்பு சீட்டி: ஒரு துணியின் பெயரைக் கேட்டு வெள்ளிமலைக்கு

இந்தப் பதிவில் படம் எதுவும் இல்லை. கல்வராயன் மலைக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் படம் பார்க்கத்தான் முதலில் வருவீர்கள் என்று தெரியும். எடுத்த படங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு துணி இருக்கிறது, அந்தத் துணியை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். அத்தை தூங்கிய பிறகு, அப்பாவின் பழைய போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பதால் எழுத்துப் பிழை வரலாம். பஸ், நேரம், டிக்கெட் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

போனது போன சனிக்கிழமை. காரணம் இரண்டு. பள்ளியில் சொல்லக்கூடியது ஒன்று, யாரிடமும் சொல்ல முடியாதது ஒன்று.

எங்கள் தமிழம்மா பதினோராம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்து இரண்டு பக்கம் எழுத வேண்டும். மற்றவர்கள் முறம், உரல் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் என் தலையணை உறையை எடுத்துக்கொண்டேன். கருநீலப் பருத்தித் துணி. அதில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூ, ஒவ்வொரு பூவைச் சுற்றியும் ஆறேழு புள்ளி. அம்மாவின் பழைய பாவாடையை வெட்டி அம்மாவே தைத்தது. அம்மா அந்தத் துணியைக் 'காசாம்பு சீட்டி' என்பாள்.

சீட்டி என்றால் பூ அச்சடித்த துணி. அது அகராதியிலேயே இருக்கிறது. காசாம்பு என்றால் என்ன? அந்தப் பூவின் பெயரா, துணி வந்த ஊரா, சாயத்தின் பெயரா? கள்ளக்குறிச்சியில் மூன்று துணிக்கடையில் கேட்டேன். இரண்டு கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடைக்காரர் மட்டும், "காசாம்பா? அது எங்க பெரியம்மா பேருமா. வூட்லதான் கீது, கூப்புடட்டுமா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்ததும் அழுகை வந்தது. ஏன் என்றால் அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து மட்டும்தான் நான் கேட்டது.

இரண்டாவது காரணம் அம்மாதான். நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள். என்ன சண்டை என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் மலையில். வெள்ளிமலையில் இறங்கி உள்ளே போக வேண்டும் என்பது வரைக்கும்தான் தெரியும். அவள் போன பிறகு எங்கள் வீட்டில் அம்மாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என்னை நன்றாகத்தான் வளர்க்கிறாள். ஆனால் நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "அவ ஒன்ன ஒரு நாளுன்னா கேட்டாளா? கேக்கவேயில்ல. நீ ஏன் அவள கேக்குற?"

வருகிற சித்திரையில் நாங்கள் திருப்பூருக்குப் போகிறோம். அப்பாவுக்கு அங்கே பனியன் கம்பெனியில் வேலை. வீடு பார்த்தாகிவிட்டது. இங்கே வீட்டைக் காலி செய்துவிட்டால் அம்மா தேடி வந்தாலும் பூட்டைத்தான் பார்ப்பாள். அதற்கு முன் அம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் என்னைக் கேட்டாளா இல்லையா என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையில் போய் 'என் அம்மாவைத் தேடுகிறேன்' என்று கேட்டால் அடுத்த பஸ்ஸில் அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். 'ஒரு துணியின் பெயரைத் தேடுகிறேன்' என்றால் யாருக்கு என்ன? அதனால் தலையணை உறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அரையாண்டுத் தேர்வுக்காகச் சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு நடக்கிறது. சீருடையோடு கிளம்பினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இனி வழி. எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். காலை ஆறேகாலுக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் பதினாறு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அங்கிருந்து ஏழரைக்கு வெள்ளிமலை பஸ். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். வழி தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு பைத்தியக்காரத்தனம் தெரியும். வெள்ளிமலை பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. வீட்டு வாசலிலேயே ஏறியிருக்கலாம். நான் பதினாறு கிலோமீட்டர் எதிர்ப்பக்கம் போய், அதே பதினாறு கிலோமீட்டர் திரும்பி வந்து, என் ஊரைத் தாண்டிப் போனேன். எங்கள் நிறுத்தத்தில் நான் மலை பஸ் ஏறினால் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

கண்டக்டர் சீருடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கமா, மலைக்கா? ஸ்கூல தூக்கி மேல வெச்சிட்டாங்களா?"

"பேச்சுப் போட்டி அண்ணா."

"பேசு பேசு. மேல குளுருல வாயே தெறக்காது."

எங்கள் ஊர் நெருங்கியதும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். நிறுத்தத்தில் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் ஏறினார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்தேன். ஒரு வாருக்கு எவ்வளவு நேரம்தான் ஆகும்? பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பாட்டி என் முதுகைத் தட்டினார். "இன்னாமா, வாந்தி வருதா? இந்தா, மோந்துக்கினு இரு" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். எனக்கு அதுவும் வசதியாகப் போனது. கோமுகி அணை நிறுத்தத்தில் பால்காரர் இறங்கும் வரை தலையைத் தூக்கவே இல்லை. ஆகையால் எங்கள் ஊருக்கும் அணைக்கும் நடுவே பார்க்க என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. மன்னிக்கவும்.

அணை தாண்டியதும் மலைப்பாதை. ஏற ஏற, அணைத் தண்ணீர் கீழே சோற்றுத் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பாறை இடுக்கில் எல்லாம் தண்ணீர் வழிந்தது. வளைவுகளில் பஸ் நின்று நின்று திரும்பும். இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். மேலே போனதும் குளிர் காதுக்குள் போகிறது. மரவள்ளிக் கொல்லை, அறுத்துப் போட்ட சாமை, தூரத்தில் ஓட்டு வீடுகள். இந்த வழியாகத்தானே அம்மா கல்யாணமாகிக் கீழே இறங்கியிருப்பாள், அப்போது எந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தேன். ஒன்பதரைக்கு வெள்ளிமலை.

வெள்ளிமலையில் டீ பத்து ரூபாய். போண்டா சூடாக இருந்தது. டீக்கடையில் விறகடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்த ஒரு அக்காவிடம் தலையணை உறையைக் காட்டி, "இந்தத் துணிக்கு என்ன பேர் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது பாய் சீட்டியாச்சே. பழசு. இன்னிக்கு சனிக்கெழம, பாய் கட விரிச்சிருப்பாரு. ஜீப்புல ஏறிக்க, ரேஷன் கடையாண்ட எறக்கி வுடுன்னு சொல்லு."

எந்த ஊர் ரேஷன் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை. வெள்ளிமலையிலிருந்து ஷேர் ஜீப்பில் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். பின்னால் ஏறினால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாய் சின்னசேலம் பக்கத்துக்காரர். மொபெட்டில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை வருவாராம். ரேஷன் கடைக்கு எதிரே தார்ப்பாய் விரித்து ஏழெட்டுத் துணிச் சுருளை அடுக்கியிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். யாரும் துணியை நிறம் சொல்லிக் கேட்கவில்லை. நான் போய் நின்றபோது காதில் விழுந்தது இதுதான்:

"பாய், அந்த அலமேலு ரெண்டு மீட்டரு கிழி."

"அலமேலு தீந்துபோச்சு தாயி. சரசு தரட்டா?"

"சரசு வாணாம், அது சல்லடயாட்டம் கீது."

"யாருடி சல்லட?" என்று பின்னால் இருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்தான் சரசு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பைக்குள் இருந்து உறையை எடுத்து, "இது காசாம்பு சீட்டிதானே? காசாம்புன்னா என்ன அர்த்தம்?" என்று பொதுவாகக் கேட்டேன்.

அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ரேஷன் கடைப் படியில் மண்ணெண்ணெய்க் கேனோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, நாற்பது வயது இருக்கும், கையை உயர்த்தினார். "நாந்தான் அர்த்தம். இன்னா வோணும்?"

பெயர்க் காரணம் இதுதான். தமிழம்மாவுக்கு எழுதிக் கொடுக்கப் போவதும் இதைத்தான். பாய் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு புதுத் தினுசு கொண்டுவருவார். கம்பெனி அதற்கு ஏதாவது நம்பர் போட்டிருக்கும், அதை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? முதலில் எடுக்கிற பெண் அடுத்த வாரம் அதைக் கட்டிக்கொண்டு வருவாள். மற்றவர்கள் 'காசாம்பு எடுத்தாளே, அந்தச் சீட்டி' என்று கேட்பார்கள். பிறகு 'காசாம்பு சீட்டி'. அந்தத் தினுசு நின்றுபோகும் வரை அதுதான் பெயர். பெயர் கொடுக்கிறவருக்கு பாய் ஒரு சாண் துணி கூடுதலாகக் கிழிப்பார். அது பெயருக்குக் கூலி.

"சீட்டிங்கிற பேரு?" என்று பாயையும் கேட்டுவைத்தேன். இரண்டு பக்கம் நிரப்ப வேண்டுமே.

"எங்க வூட்ல உருது பேசுவோம். தண்ணி தெறிச்சா சீண்ட்டான்னு சொல்றது" என்றவர், டம்ளரில் விரலை நனைத்து ஒரு வெள்ளைத் துணியின் ஓரத்தில் உதறினார். சின்னச் சின்னதாக ஈரப் புள்ளி. "பாரு, பூ மாதிரி இல்ல? அதுலேர்ந்து வந்ததுன்னு எங்க அப்பா சொல்வாரு. நெசமான்னு எனக்குத் தெரியாது."

"அவருக்கு எது தெரியும்? மீட்டருக்கு நாலு வெரக்கட கம்மியா அளக்கத் தெரியும்" என்றார் சரசு.

பெயர் கொடுப்பது எளிதில்லையாம். குப்பம்மா என்று ஒருவர் சில வருடம் முன்பு சிவப்பில் ஒரு சீட்டிக்குப் பெயர் கொடுத்தார். அது முதல் துவையலிலேயே சாயம் இறங்கி ஊர் வேட்டி சட்டை எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. ஒரு வருடம் வரை வீட்டுக்கு வீடு 'குப்பம்மா வெளுத்துட்டா', 'குப்பம்மா ஊரையே கெடுத்துட்டா' என்றுதான் பேச்சு. குப்பம்மா தண்ணீர் எடுக்கவே வேறு வழியாகப் போனாராம். அதிலிருந்து புதுத் தினுசு வந்தால் யாரும் முதலில் கை வைக்க மாட்டார்கள். "ஒன் பேர வெச்சிக்க பாய்" என்று அவரையே கேலி செய்வார்கள்.

"என்னுது அப்படியில்ல" என்று காசாம்பு அக்கா என் கையிலிருந்து உறையை வாங்கி வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். "பாருங்கடி. எத்தினி வருசம். நீலம் நீலமாத்தான் கீது."

அப்போதுதான் ஒரு சின்னப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு, கூட்டத்தில் நுழைந்து கேட்டாள்: "பாய், மேகலா இருக்குதா? அம்மா ஒன்ற மீட்டரு வாங்கியாரச் சொல்லுச்சி."

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். மேகலா என்பது என் பெயர்.

பாய் ஒரு சுருளை இழுத்தார். மஞ்சள் தரை. அதில் பச்சைக் காம்போடு சின்ன ஊதாப் பூ, நெல் தூவியதுபோல் எல்லாப் பக்கமும். அவர் கிழித்தபோது அந்தச் சத்தம் எனக்குப் பல்லில் கூசியது. மலையில் மேகலா என்று எத்தனையோ பேர் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது.

காசாம்பு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் துணி ஒனக்கு எப்பிடி வந்துச்சி? ஒம்பேரு இன்னா பாப்பா?"

பொய்ப் பெயர் ஒன்று தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "மேகலா."

"துணி பேரு எனக்குத் தெரியும். ஒம்பேர கேட்டேன்."

"அதுதான் என் பேரு அக்கா."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொன்னார். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒருவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டேன்.

அம்மா அங்கே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்னைப்போல் எதிர்பார்த்துக்கொண்டு படிக்க வேண்டாம். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்க லாரி ஏறிவிட்டாள். நான் போனது அதற்கு ஒரு வாரம் கழித்து.

அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாப்பிடச் சாப்பிடச் சொன்னார்.

"போன ஆடியில பாய் இந்த மஞ்சள கொண்ணாந்தாரு. ஒருத்தியும் தொடல. ஒங்கம்மாதான், எனக்கு எடுக்குறேன்னுச்சி. பேரு வெக்கணுமே? எம்பேரு வாணாம், கீழ அது ஏற்கெனவே நல்லா அடிபட்டுப் போச்சி, எம்பொண்ணு பேர வெய்யின்னுச்சி. பாயும் சரின்னாரு. அப்பறம் இது இன்னா பண்ணுச்சி தெரியுமா? இரு இரு, வெக்காதன்னுச்சி. ஒரு சாண் துண்டு வாங்கிக்கினு போயி, சோடா உப்புத் தண்ணியில வேக வெச்சி, வெயில்ல போட்டு, மறுபடி தொவச்சி, மறுபடி வெயில்ல போட்டு, அடுத்த சனிக்கெழம கொண்ணாந்து பாய் மூஞ்சிக்கு நேரா காட்டுச்சி. 'பாத்துக்க பாய், சாயம் எறங்கல. இப்ப எம்பொண்ணு பேர வெச்சிக்க. எறங்கியிருந்தா ஒன் பேரத்தான் வெச்சிருப்பேன்'னுச்சி."

"அம்மா என்னைக் கேட்டதே இல்லைன்னு வீட்டுல சொன்னாங்க" என்றேன்.

"கேக்கலியா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தபா கீழ வந்துச்சே! ஒங்க ஊரு ஸ்கூலு கேட்டாண்ட காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சே. வூட்டுப் பக்கம் வந்தா ஒங்கப்பா வெட்டிடுவாருன்னு பயம். ஸ்கூல்ல போயி கேட்டா, அப்பிடி ஒரு பொண்ணே இங்க படிக்கலன்னுட்டாங்களாம். ஒன்ன படிப்ப நிறுத்திட்டாங்கன்னு அழுதுக்கினே வந்துச்சி."

எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவதிலிருந்து நான் கள்ளக்குறிச்சியில் படிக்கிறேன். அம்மாவுக்கு அது தெரியாது. மலையில் அம்மா படித்த உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரே வளாகத்தில் பன்னிரண்டாவது வரை உண்டு. பள்ளி என்றால் சேர்ந்த இடத்திலேயே முடிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். அவள் அந்தக் கேட்டில் நின்ற இரண்டு நாளும் நான் பதினாறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கேட்டில் நுழைந்து வெளியே வந்திருக்கிறேன்.

அக்கா, ஆட்களை லாரியில் கூட்டிப்போன மேஸ்திரியின் நம்பருக்கு மூன்று தடவை போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. தோட்டத்தில் டவர் கிடையாதாம். "காப்பி முடிஞ்சி மாசியில வந்துரும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "சில வருசம் அப்பிடியே மொளகு பறிக்க நிறுத்திக்குவாங்க. அப்ப வைகாசி ஆயிரும்" என்றார்.

வைகாசியில் நாங்கள் திருப்பூரில் இருப்போம்.

என் பள்ளி எது, எந்தத் தெருவில் கேட் என்று அக்காவிடம் விவரமாகச் சொன்னேன். எழுதிக் கொடுக்கப் பயமாக இருந்தது. அவர் மூன்று முறை திரும்பச் சொல்லிக் காட்டினார். கிளம்பும்போது பாய் கூப்பிட்டு அந்த மஞ்சளில் ஒரு சாண் கிழித்து நீட்டினார். "பேருக்காரிக்கு உண்டானது, வெச்சிக்க" என்றார். வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசாம்பு அக்காவிடமே கொடுத்துவிட்டேன். வீட்டில் வைக்க இடமில்லை. தலையணை உறையாவது பழகிய துணி. இது புதிது, அத்தை கேட்பாள்.

ஜீப்புக்கு நடந்து வந்த வழியில் வெயில் வந்திருந்தது. மழை விட்டதால் எல்லா வீட்டிலும் துணி காயப்போட்டிருந்தார்கள். மூன்று வீட்டுக் கொடியில் என் பெயர் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று பாவாடை, ஒன்று ஜன்னல் திரை. மூன்றாவது குழந்தைக்கு ஏணை கட்டுகிற துணி. எங்கள் வீட்டில் அம்மாவின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. இங்கே வாரம் தவறாமல் யாரோ என் பெயரைச் சொல்லி மீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். அம்மா தினமும் அதைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள்.

வெள்ளிமலையிலிருந்து மூன்றேகால் பஸ். திரும்பும்போதும் என் ஊரில் இறங்காமல் கள்ளக்குறிச்சி வரை போய், டவுன் பஸ் பிடித்து, எப்போதும் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். அத்தை காலைப் பார்த்தாள். "இன்னாடி, பேண்டெல்லாம் செம்மண்ணு?"

"கிரவுண்டுல வெளையாண்டோம் அத்த."

"ஒங்க ஸ்கூலு கிரவுண்டு கருப்பு மண்ணாச்சே" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்கிறாள். நான் இன்னொரு தடவை மலைக்குப் போக முடியாது.

போகிறவர்களுக்கு: வெளிர் நிறம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், செம்மண் துவைத்தாலும் போகாது. கார்த்திகையிலும் மார்கழியிலும் ஸ்வெட்டர் கட்டாயம். வெள்ளிமலைக்கு மேலே எல்லா இடத்திலும் போன் எடுக்காது, யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் அணையிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அருவிகள் இருக்கின்றன என்றார்கள், நான் பார்க்கவில்லை. துணி வாங்குகிறவர்கள் முதலில் ஓரத்தை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, மலைக்கு வராதவர்களுக்கு. இந்த மாதங்களில்தான் உங்களில் நிறையப் பேர் குடகுக்குப் போகிறீர்கள். இந்த மாதிரிப் பதிவுகளில் படித்திருக்கிறேன். காப்பித் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பீர்கள். அப்போது உள்ளே பழம் பறிக்கிற பெண்கள் 'வந்துக்கினு', 'போய்க்கினு' என்று எங்கள் பக்கத்துத் தமிழ் பேசினால் கொஞ்சம் நில்லுங்கள். யாராவது மஞ்சளில் ஊதாப் பூப் போட்ட துணியைத் தலையில் கட்டியிருந்தால், இது என்ன சீட்டி என்று கேளுங்கள். மேகலா என்று சொன்னால் அது என் அம்மாவாக இருக்கும், அல்லது என் அம்மாவைத் தெரிந்தவராக இருக்கும். இதை மட்டும் சொல்லுங்கள். மேகலா படிப்பை நிறுத்தவில்லை. காசாம்பு அக்கா வீடு வரைக்கும் வந்தாள். மிளகுக்கு நிற்காமல் மாசியிலேயே வந்துவிடச் சொன்னாள். எந்தப் பள்ளி என்று காசாம்பு அக்காவுக்குத் தெரியும். சாயங்காலம் நாலு இருபதுக்கு மணி அடிக்கும். முதலில் பெரிய கூட்டமாக வெளியே வருவார்கள், எல்லாரும் ஒரே சீருடை, அதில் என்னைத் தேட வேண்டாம். கூட்டம் போகும் வரை கேட்டிலேயே நிற்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமையிலிருந்து நான் கடைசி ஆளாகத்தான் வெளியே வருகிறேன்.